யூ-505: ராசியில்லாத கப்பல்னு சொல்றது சரியா?

கடலாடி எழுதியது:

வணக்கம் மக்களே. இன்னொரு திரில யாரோ யூ-505 பத்தி நாலு வரி போட்டு "ஜெர்மன் நேவிலயே ராசி கெட்ட நீர்மூழ்கி" ன்னு முடிச்சிருந்தாங்க. அதைப் படிச்சதும் மனசு கேக்கல, அதான் தனித் திரி. இந்தக் கப்பலுக்கு நடந்த ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கான், ஒரு காரணம் இருக்கு. ராசின்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டா அத்தனை பேரும் காணாமப் போயிடறாங்க. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல அடிப்படை. டைப் 9சி, தூரம் போறதுக்குன்னே கட்டினது. ஹாம்பர்க் டாய்ச்ச வெர்ஃப்ட்ல கட்டி 1941 மே மாசம் தண்ணில இறக்கி, ஆகஸ்ட் 26ல சர்வீஸ்ல சேத்தாங்க. நீளம் 76 மீட்டருக்கு மேல, டார்பிடோ குழாய் முன்னாடி நாலு பின்னாடி ரெண்டு, மொத்தம் 22 டார்பிடோ கொண்டு போகலாம். மேல மிதந்துட்டு 10 நாட் வேகத்துல போனா 13,000 கடல் மைலுக்கு மேல டீசல் தாங்கும். அதனாலதான் சின்ன டைப் 7 போட்டெல்லாம் வட அட்லாண்டிக்ல கான்வாயை (கூட்டமாப் போற சரக்குக் கப்பல்களை) துரத்திட்டு இருந்தப்ப இதை மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன்னு அனுப்பினாங்க.

முதல் கேப்டன் ஆக்ஸல்-ஓலாஃப் லோவே. நிதானமான ஆளு, க்ரூவுக்கு அவர்மேல பெரிய மரியாதை. 1942 பிப்ரவரில பிரான்ஸ்ல இருக்கற லோரியான்ல இருந்து கிளம்பி ஃப்ரீடவுன் பக்கம் போய் நாலு கப்பலை மூழ்கடிச்சாங்க: பிரிட்டிஷ் பென்மோர், நார்வே டேங்கர் சிட்ஹாவ், அமெரிக்காவோட வெஸ்ட் இர்மோ, டச்சு அல்ஃபாக்கா. அடுத்த ட்ரிப் கரீபியன், ஜூன் கடைசில ரெண்டு நாள்ல ரெண்டு அமெரிக்கக் கப்பல், ஸீ த்ரஷ்ஷும் தாமஸ் மெக்கீனும். இதுல ரெண்டாவது புதுசா கட்டி இறக்கின லிபர்ட்டி கப்பல். இதுவரைக்கும் ராசிங்கற பேச்சே இல்ல பாருங்க.

ஜூலை 22 அன்னிக்கு கொலம்பியா கொடி போட்ட ஒரு பாய்மரக் கப்பலைப் பீரங்கியால சுட்டு மூழ்கடிச்சாங்க. கொஞ்ச நாள்ல லோவேக்கு வயித்து வலி, குடல்வால் அழற்சி, ட்ரிப்பைப் பாதியில முடிச்சுட்டு ஆகஸ்ட் 25ல லோரியான் திரும்பிட்டாங்க. லோவேயை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு பீட்டர் ஷெக்னு வேற கேப்டன் வந்தாரு.

நெல்லைக்காரன் எழுதியது:

அண்ணா நீங்களே சொல்லிட்டீங்களே! பாய்மரக் கப்பலை அடிச்சாங்க, அதுக்கப்புறம் தான் எல்லாம் கெட்டுச்சு. அந்தக் க்ரூல இருந்தவங்களே அப்படித்தான் நம்பினாங்கன்னு படிச்சிருக்கேன். கடல்ல போறவங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும், பாய்மரத்தை அழிச்சா ஆகாதுன்னு. எங்க ஊர்ப் பக்கம் கடலுக்குப் போறவங்களும் இந்த மாதிரி விஷயத்துல ரொம்ப கவனமா இருப்பாங்க. இதை மூடநம்பிக்கைன்னு சட்டுன்னு தள்ளிட முடியாது.

கடலாடி எழுதியது:

தம்பி, க்ரூ நம்பினாங்கங்கறது உண்மை, அதை நான் மறுக்கல. அந்த மாதிரி ஒரு குழாய்க்குள்ள அம்பது பேர் மாசக்கணக்கா அடைஞ்சு கிடக்கும்போது எதையாவது நம்பித்தான் ஆகணும். ஆனா லோவேக்கு குடல்வால் வீங்கினதுக்கும் பாய்மரத்துக்கும் சம்பந்தம் இல்ல. அடுத்து நடந்ததைச் சொல்றேன், நீயே முடிவு பண்ணு.

ஷெக் அதுக்கு முன்னாடி யூ-124 ல ஃபர்ஸ்ட் ஆபீசர். அது பேர் வாங்கின போட்டு. அங்கேருந்து வந்தவருக்கு சீக்கிரம் பெரிசா சாதிக்கணும்னு ஒரு அவசரம், லோவே மாதிரி ஆளுங்களை அரவணைக்கத் தெரியல. 1942 அக்டோபர்ல கிளம்பி மறுபடி கரீபியன். நவம்பர் 7ல ஓஷன் ஜஸ்டிஸ்ங்கற பிரிட்டிஷ் கப்பலை அடிச்சாங்க. யூ-505 மூழ்கடிச்ச எட்டாவது கப்பல், கடைசிக் கப்பலும் அதுதான். மொத்தம் கிட்டத்தட்ட 45,000 டன்.

மூணு நாள் கழிச்சு, நவம்பர் 10. ட்ரினிடாட் பக்கத்துல மேல மிதந்துட்டு இருந்தப்ப ராயல் ஏர்ஃபோர்ஸ் 53வது ஸ்க்வாட்ரனோட ஒரு ஹட்ஸன் விமானம் பாய்ஞ்சு வந்துச்சு. ஓட்டினவர் சில்காக்னு ஒரு ஆஸ்திரேலியர். ரொம்பத் தாழ்வா வந்து குண்டைப் போட்டாரு, அதுல ஒண்ணு நேரா மேல்தளத்துலயே விழுந்து வெடிச்சிடுச்சு. வெடிச்ச வேகத்துல விமானமே சிதறி அதுல இருந்த எல்லாரும் போயிட்டாங்க. கீழ விமான எதிர்ப்பு பீரங்கி பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு, மேல்தளம் கிழிஞ்சு தொங்குது, பிரஷர் ஹல்லுல (கடல் அழுத்தத்தைத் தாங்கற உள் கூடு) சேதம், உள்ள தண்ணி வருது. ஷெக் கப்பலைக் கைவிடச் சொல்லிட்டாரு. என்ஜின் ஆளுங்க, ஓட்டோ ஃபிரிக்கே தலைமையில, முடியாது நாங்க சரி பண்றோம்னு நின்னாங்க. நின்னது மட்டும் இல்ல, பண்ணியும் காட்டினாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வாரம், முங்கவே முடியாத ஒரு நீர்மூழ்கியை எதிரி விமானம் பறக்கற கடல்ல வச்சு வெல்டிங்கும் ஒட்டுமா. டிசம்பர் 12ல லோரியான் வந்து சேந்தாங்க. இவ்வளவு அடி வாங்கி சொந்தத்துல துறைமுகம் திரும்பின யூ-போட் (ஜெர்மன் நீர்மூழ்கி) வேற இல்லன்னு சொல்லுவாங்க.

இதை ராசி கெட்டதுன்னு சொல்லுவியா, இல்ல ஃபிரிக்கேவோட கை வேலைன்னு சொல்லுவியா?

என்ஜின்ரூம் ராஜா எழுதியது:

கடலாடி சார், மெர்ச்சன்ட் நேவில என்ஜின் சைடுல வேலை பாக்கறவன் நான். நீங்க ஒரு பாராவுல சொல்லிட்டுப் போன விஷயம் எங்களுக்கு எப்பேர்ப்பட்டதுன்னு கொஞ்சம் சொல்லணும். நடுக்கடல்ல ஒரு கூலிங் வாட்டர் பைப்புல ஓட்டை விழுந்தாலே ரெண்டு பேர் முழங்கால் தண்ணில நின்னு க்ளாம்ப் போட்டு முடிக்கறதுக்குள்ள உயிர் போயி வரும், இத்தனைக்கும் எங்க தலைக்கு மேல குண்டு போட யாரும் வர்றதில்ல. பிரஷர் ஹல்லுங்கறது வேற லெவல். அதுல ஒட்டுப் போட்டா, முங்கி ஆழத்துக்குப் போறப்ப ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம் ஏறிட்டே போகும். அந்த ஒட்டு தாங்குமான்னு சோதிக்க ஒரே வழி உள்ள உக்காந்துக்கிட்டே முங்கிப் பாக்கறது தான். போட்டவனும் உள்ளதான் இருக்கான். அந்த ஆளுங்களை நினைச்சா எந்த நாடா இருந்தாலும் தொழில்காரனா ஒரு மரியாதை வருது.

வெள்ளோட்டம் எழுதியது:

மரியாதை எல்லாம் சரி, ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. இது நாஜி ஜெர்மனியோட கப்பல். எதிர்ல இருந்தது சரக்குக் கப்பல், அதுல இருந்தவன் சம்பளத்துக்கு வந்த மாலுமி. பென்மோர் ஆளுங்களை ஒரு சண்டர்லேண்ட் கடல் விமானம் வந்து தூக்கிட்டுப் போச்சு, நல்லது, எல்லாருக்கும் அப்படி அமையல. சிட்ஹாவ் டேங்கர்ல செத்தவங்க இருக்காங்க. யூ-போட் கதை எழுதற எல்லாரும் குழாய்க்குள்ள இருந்தவனோட கஷ்டத்தையே எழுதறோம், லைஃப் போட்டுல வெயில்ல காஞ்சவனை யாரும் எழுதறதில்ல. இந்தத் திரி அப்படி ஆகிடக் கூடாதுன்னு கேட்டுக்கறேன்.

கடலாடி எழுதியது:

நியாயமான பேச்சு வெள்ளோட்டம். நீங்க சொன்னதால அடுத்த பகுதியை அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன், ஏன்னா இந்தக் கப்பலை உண்மையிலேயே முடக்கினது குண்டு இல்ல, லோரியான் டாக்யார்டுல வேலை பாத்த பிரெஞ்சுக்காரங்க.

லோரியான் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கெரோமான்ல ஜெர்மன்காரன் மலை மாதிரி கான்கிரீட் பங்கர் கட்டி போட்டெல்லாத்தையும் உள்ள வச்சிட்டான். 1943 ஜனவரி பிப்ரவரில நேச நாட்டு விமானங்க குண்டு மழை பொழிஞ்சு ஊரே தரைமட்டம் ஆகிடுச்சு, பங்கருக்கு ஒண்ணும் ஆகல. இன்னிக்கும் அது அப்படியே நிக்குது. சொந்த ஊர் எரிஞ்சு போன நிலைமைல, மாத்திப் பேசினா சுட்டுடுவான்ங்கற பயத்துல, அந்தத் தொழிலாளிங்க ஆக்கிரமிச்சவனோட கப்பலை ரிப்பேர் பண்ணணும்.

யூ-505 ஆறு மாசம் அவங்க கைல இருந்துச்சு. 1943 ஜூலை 1ல கிளம்பினா, மூணு பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் 30 மணி நேரத்துக்கு மேல துரத்தி 13 நாள்ல திரும்ப வந்தாச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஏதாவது ஒண்ணு. வெல்டிங் பிரிஞ்சு போகுது. எலக்ட்ரிக் சாமான், ரேடார் சாமான் வேலை செய்யல. டீசல் டேங்குல வேணும்னே துளை போட்டு வச்சிருக்கான். நாலு ட்ரிப் வரிசையா சில நாள்லயே பாதியில திரும்பினாங்க. இதெல்லாம் எதிர்ப்பு இயக்கத்தோட சேந்த ஆளுங்க செஞ்சது. அவங்க பேர்ல பெரும்பாலானது நமக்குத் தெரியாது. கரீபியன்லயும் ஆப்பிரிக்கா பக்கத்துலயும் எத்தனை சரக்குக் கப்பல் அந்த மாசங்கள்ல பத்திரமாப் போச்சோ, அதுல அவங்களுக்கு ஒரு பங்கு உண்டு. ராசின்னு சொல்லி இவங்களை அழிக்கறது தான் எனக்கு ஆத்திரமா வருது.

என்ஜின்ரூம் ராஜா எழுதியது:

டேங்குல துளைங்கறது சாதாரண விஷயம் இல்ல மக்களே. டீசல் கசிஞ்சா மேல வந்து பளபளன்னு படலமா விரியும், நீளமா வால் மாதிரி கோடு விழும். கடல் அமைதியா இருக்கற நாள்ல விமானத்துல இருந்து பாத்தா அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்து குண்டு போட்டுடலாம், கப்பல் எவ்வளவு ஆழத்துல இருந்தாலும் ஒளிய முடியாது. துறைமுகத்துல டெஸ்ட் பண்ணும்போது தெரியாத அளவுக்கு சின்னதா போடணும், கடலுக்குப் போனப்புறம் திறக்கணும். மோசமான வெல்டும் அப்படித்தான், மேல பெயிண்ட் அடிச்சுட்டா கண்ணுக்கு நல்ல வெல்டு மாதிரியே இருக்கும். அதைச் செஞ்சவனுக்குத் தொழில் அத்துப்படி.

நெல்லைக்காரன் எழுதியது:

இது எனக்குப் புதுசு அண்ணா. நான் படிச்ச இடத்துல எல்லாம் "தொடர்ந்து கோளாறு" ன்னு மட்டும் தான் இருந்துச்சு. சரி, அந்தக் கேப்டன் கதை? அவரு கப்பல்லயே சுட்டுக்கிட்டாராமே?

கடலாடி எழுதியது:

ஆமாம். 1943 அக்டோபர்ல கிளம்பி அசோர்ஸ் தீவு பக்கம் போனாங்க. அதுக்குள்ள பேஸ்ல கேலி எல்லை மீறிடுச்சு. கப்பல் கட்டற இடத்துல "யூ-505 வேட்டையாடும் இடம்"னு யாரோ எழுதி வச்சிருந்தாங்க. வெளில போன மத்த போட் எல்லாம் திரும்பி வராம இருந்த நேரம் அது, அந்த மே மாசம் மட்டுமே 41 யூ-போட் போச்சு. அப்போ ஒரு கேப்டன், எப்பவும் திரும்பி வர ஒரே ஆளு ஷெக் தான்னு சொன்னது ஷெக் காதுலயே விழுந்துச்சுன்னு சொல்றாங்க. வயசு 25. கூடப் படிச்சவன், கூட வேலை பாத்தவன் எல்லாம் கடலுக்கு அடில. இவருக்கு திரும்பி வந்ததே அவமானமா மாறிடுச்சு.

அக்டோபர் 24 அன்னிக்கு டெப்த் சார்ஜ் (தண்ணிக்கு அடில வெடிக்கற குண்டு) தாக்குதல். கன்ட்ரோல் ரூம்ல ஆளுங்க இருக்கும்போதே துப்பாக்கியை எடுத்து சுட்டுக்கிட்டாரு. மேல இருந்து குண்டு நிக்கவே இல்ல. ஃபர்ஸ்ட் ஆபீசர் பால் மேயர் அந்த நிமிஷமே பொறுப்பெடுத்து, அடியைத் தாங்கி, தப்பிச்சு, நவம்பர் 7ல லோரியான் கொண்டு வந்து சேத்தாரு. ஷெக்கைக் கடல்லயே அடக்கம் பண்ணிட்டாங்க. சண்டை நடந்துட்டு இருக்கும்போது முங்கின கப்பல்ல கேப்டன் தற்கொலை பண்ணிக்கிட்டது வேற தெரியல.

மேயர் பேரை யாரும் சொல்றதில்ல, அதான் எனக்கு வருத்தம். விசாரணைல அவர்மேல எந்தக் குத்தமும் இல்லன்னு விட்டாங்க, அவ்வளவுதான்.

வெள்ளோட்டம் எழுதியது:

ஷெக்கை நான் கோழைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாவம்னும் முழுசா சொல்ல முடியல. அம்பது உயிர் அவர் கைல இருக்கு, தலைக்கு மேல குண்டு விழுது, அந்த நேரத்துல விட்டுட்டுப் போயிருக்காரு. ட்ரினிடாட்லயும் முதல்ல கைவிடத்தான் சொன்னாரு. ரெண்டு தடவையும் கீழ இருந்தவங்க தான் காப்பாத்தினாங்க.

சிகாகோ வாசகி எழுதியது:

வெள்ளோட்டம், கொஞ்சம் இளகின மனசோட பாருங்க. இன்னிக்கு இதே நிலைமைல ஒருத்தர் இருந்தா நாம மனநல சிகிச்சைன்னு பேசுவோம். ட்ரினிடாட் குண்டுக்கு அப்புறம் அவரை ஓய்வுக்கு அனுப்பியிருக்கணும். அனுப்பாம திரும்பத் திரும்ப அதே கப்பல்ல ஏத்தினவங்க மேலயும் தப்பு இருக்கு.

நான் இருக்கறது சிகாகோ பக்கம், அந்தக் கப்பல் இங்க மியூசியத்துல தான் இருக்கு, பசங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். கன்ட்ரோல் ரூம்ல நிக்க வச்சு விளக்கை அணைச்சு சத்தம் போட்டுக் காட்டுவாங்க. கையை நீட்டினா ரெண்டு பக்கமும் ஏதாவது ஒரு வால்வுச் சக்கரம் இடிக்கும், சுவர் முழுக்க அழுத்தமானி, குழாய் மேல குழாய். அந்த இடத்துலயா ஒரு மனுஷன் தன்னைச் சுட்டுக்கிட்டாருன்னு யோசிச்சா, எல்லாரும் தொட்டுக்கிட்டுத்தான் நின்னிருப்பாங்க, அவ்வளவு நெருக்கம்.

கடலாடி எழுதியது:

அக்கா, நல்ல விஷயம் சொன்னீங்க. மியூசியம் பத்தி கடைசில நீங்கதான் எழுதணும். இப்போ மிச்சக் கதை.

மூணாவது கேப்டன் ஹாரால்ட் லாங்க. 40 வயசு, யூ-போட் கணக்குல தாத்தா வயசு மாதிரி. அதுக்கு முன்னாடி சரக்குக் கப்பல்ல வேலை பாத்த அனுபவஸ்தர், ரிசர்வ்ல இருந்து வந்தவர். அவர் வந்ததும் முதல் வேலையே ஆளைக் காப்பாத்தறது. 1943 டிசம்பர் 28ல பிஸ்கே வளைகுடால பிரிட்டிஷ் க்ரூஸர் கிளாஸ்கோவும் என்டர்ப்ரைஸும் மூணு ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடிச்சாங்க. அதுல டி-25 ங்கற கப்பல்ல இருந்து தண்ணில மிதந்தவங்க முப்பது பேருக்கு மேல யூ-505 ஏத்திக்கிட்டு பிரெஸ்ட்ல கொண்டு விட்டுச்சு.

1944 மார்ச் 16ல பிரெஸ்ட்ல இருந்து கிளம்பினது தான் கடைசிப் பயணம். மறுபடி மேற்கு ஆப்பிரிக்கா, ஒரு கப்பலும் சிக்கல. திரும்பற வழியில அமெரிக்க கேப்டன் டேனியல் கேலரியோட குழு தேடிட்டு இருந்துச்சு: குவாடல்கனால்ங்கற சின்ன விமானந்தாங்கி, கூட அஞ்சு எஸ்கார்ட் டெஸ்ட்ராயர். கேலரி ஏப்ரல்ல யூ-515 ஐ அடிச்சப்ப அது மேல வந்துட்டு அப்புறம் மூழ்குச்சு. இன்னொரு தடவை இப்படி மேல வந்தா ஆளை ஏத்திப் பிடிச்சிடணும்னு அப்பவே முடிவு பண்ணி ஒவ்வொரு கப்பல்லயும் ஏறிப் பிடிக்கற குழுவைத் தயார் பண்ணி வச்சிருந்தாரு. யூ-505 மாட்டினது விதி இல்ல, ஒரு ஆளு ரெண்டு மாசம் முன்னாடியே உக்காந்து திட்டம் போட்டிருக்காரு.

ஜூன் 4, ஞாயித்துக்கிழமை. எரிபொருள் கம்மியாகி காஸாபிளாங்கா பக்கம் திரும்பிட்டு இருந்த நேரம், காலைல 11 மணிக்கு மேல ஷாட்லென்ங்கற டெஸ்ட்ராயருக்கு சோனார்ல சத்தம். மேல பறந்த ரெண்டு வைல்ட்கேட் விமானத்துக்குத் தண்ணிக்குள்ள நிழல் தெரிஞ்சது, அது மேல மெஷின்கன்னால சுட்டு இடத்தைக் காட்டினாங்க. டெப்த் சார்ஜ் விழுந்து ஏழு நிமிஷத்துக்குள்ள யூ-505 மேல வந்துடுச்சு. சுக்கான் ஒரு பக்கமா சிக்கிக்கிச்சு. லாங்கவுக்குப் பலமான காயம், அவர் கைவிடச் சொல்லிட்டாரு, ஆளுங்க குதிச்சாச்சு. என்ஜினை நிறுத்தாமயே விட்டதால காலிக் கப்பல் வட்டம் அடிச்சுக்கிட்டே இருக்கு.

பில்ஸ்பரி கப்பல்ல இருந்து லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் சின்னப் படகுல துரத்திப் போய் ஏறினாரு. கூட நிஸ்பெல், வ்டோவியாக்னு ரெண்டு பேர் முதல்ல உள்ள இறங்கினாங்க. உள்ள ஆள் இருக்கா, வெடி வச்சிருக்கா, எப்போ மூழ்கும், ஒண்ணும் தெரியாது. டேவிட்டுக்கு மெடல் ஆஃப் ஆனர் குடுத்தாங்க, ஆனா கைல வாங்கறதுக்குள்ள 1945ல மாரடைப்புல போயிட்டாரு, மனைவி தான் வாங்கினாங்க.

என்ஜின்ரூம் ராஜா எழுதியது:

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க சார், இது எங்க ஏரியா.

கப்பலை மூழ்கடிக்க சீ ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறந்து விட்டிருந்தாங்க. கடல்தண்ணியை உள்ள இழுக்கும்போது குப்பை, பாசி வராம இருக்க ஒரு வடிகட்டி இருக்கும், அதோட மூடி. திறந்தா ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணி பீய்ச்சி அடிக்கும். கன்ட்ரோல் ரூம்ல வேலை பாத்த ஹான்ஸ் கோபெலர் தான் அதைத் திறந்ததா பின்னாடி சொல்லியிருக்காரு. லுகோசியஸ்னு ஒரு அமெரிக்க மாலுமி அந்த மூடியைத் தேடிக் கண்டுபிடிச்சு திரும்ப மாட்டி இறுக்கிட்டாரு. கப்பல் பின்பக்கம் அமுங்கி மூழ்கிட்டே இருக்கற நேரத்துல, பழக்கமில்லாத கப்பலுக்குள்ள. அந்த மூடி கைக்குக் கிடைக்கலேன்னா இன்னிக்கு இந்தத் திரியே இல்ல.

அடுத்தது இன்னும் அருமை. குவாடல்கனாலோட சீஃப் என்ஜினியர் ஏர்ல் ட்ரோசினோ, டேங்கர்ல வேலை பாத்தவரு, நீர்மூழ்கி அவருக்குப் புதுசு. எண்ணெயும் தண்ணியும் கலந்து கிடக்கற பில்ஜுக்குள்ள (கப்பலோட அடிப்பள்ளம்) படுத்து ஊர்ந்து ஒவ்வொரு பைப்பா தடவித் தடவி எது எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சாரு. தண்ணியை வெளில தள்ள பம்ப் ஓடணும், பம்புக்கு கரன்ட் வேணும், பேட்டரி காலி, டீசலை ஓட்ட முடியாது. என்ன பண்ணாருன்னா டீசலைத் தனியா கழட்டி விட்டுட்டு, மோட்டாரையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் மட்டும் சேத்து வச்சு, வேகமா இழுக்கச் சொன்னாரு. இழுக்கும்போது தண்ணி ப்ரொப்பெல்லரைச் சுத்தும், அது மோட்டாரைச் சுத்தும், சைக்கிள் டைனமோ மாதிரி மோட்டார் கரன்ட் கொடுக்க ஆரம்பிச்சிடும். பேட்டரி ஏறுச்சு, அந்தக் கப்பலோட சொந்த பம்பை வச்சே தண்ணியை இறைச்சு நிமித்திட்டாரு. படிச்ச படிப்பு நடுக்கடல்ல கை கொடுக்கறதுன்னா இதுதான். எங்க ஜூனியர்களுக்கு நான் அடிக்கடி சொல்ற கதை.

சங்கேதம் எழுதியது:

இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்போ சொல்லியாகணும். கேலரியை எல்லாரும் ஹீரோன்னு கொண்டாடறோம், ஆனா அவர் செஞ்சது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு பாருங்க. தேதி ஜூன் 4. ரெண்டு நாள் கழிச்சு நார்மண்டி படையெடுப்பு. ஜெர்மன்காரனோட எனிக்மா சைஃபர் மெஷின் குறியீட்டை பிரிட்டன்ல குறியீடு உடைக்கற இடமான பிளெட்ச்லி பார்க்ல ஏற்கனவே படிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு யூ-போட் சைஃபர் மெஷினோட பிடிபட்டுச்சுன்னு ஜெர்மன்காரனுக்குத் தெரிஞ்சா மொத்தத்தையும் மாத்திடுவான், அத்தனை நாள் உழைப்பும் வீண். அதனாலதான் அமெரிக்க நேவித் தலைவர் அட்மிரல் கிங் கோபப்பட்டு கேலரியைக் கோர்ட் மார்ஷல் பண்ணலாமான்னு கூட யோசிச்சாரு. மூழ்கடிச்சிருந்தா பிரச்சினையே இல்ல.

பிரிட்டிஷ்காரங்க 1941 மே மாசம் யூ-110 ல இருந்து மெஷினும் புஸ்தகமும் எடுத்துட்டு கப்பலை மூழ்க விட்டுட்டாங்க, சத்தமில்லாம பல வருஷம் மறைச்சு வச்சாங்க. 1942 அக்டோபர்ல யூ-559 ல ஃபேஸன், கிரேஸியர்னு ரெண்டு பேர் மூழ்கற கப்பலுக்குள்ள போய் புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்துட்டு உள்ளயே செத்துப் போனாங்க. அந்தப் புஸ்தகம் தான் யூ-போட் குறியீட்டை மறுபடி உடைக்க உதவுச்சு. அதோட பலன் ஆயிரம் மடங்கு. யூ-505 ல கிடைச்சது அளவுல பெரிசு, ஆனா அதுக்குக் கொடுத்த ரிஸ்க்கும் பெரிசு.

கடலாடி எழுதியது:

சங்கேதம், ஆபத்துன்னு சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா கேலரிக்கு பிளெட்ச்லி பத்தி யாரும் சொல்லலயே, தெரியாத ஒண்ணை அவர் எப்படிக் கணக்குல எடுப்பாரு? அவர் பார்வைல எதிரி நீர்மூழ்கியை உயிரோட பிடிக்கறது தான் பெரிய லாபம். 1815க்கு அப்புறம் அமெரிக்க நேவி கடல்ல எதிரிப் போர்க்கப்பலைப் பிடிச்சது அதுதான் முதல் தடவை. கிடைச்சது என்னென்ன? எனிக்மா மெஷின், நடப்புல இருந்த குறியீட்டுப் புஸ்தகம், கடல் வரைபடக் கட்டத்துக்கான ரகசிய எண், எல்லாம் சேத்து 400 கிலோ கிட்ட. சத்தத்தைத் தேடிப் போய் அடிக்கற டார்பிடோ ரெண்டு. அந்த டார்பிடோவை ஆராய்ஞ்சு பாத்தது எத்தனை எஸ்கார்ட் கப்பலுக்கு உதவியிருக்கும்?

ரகசியத்தையும் காப்பாத்தினாங்க. காஸாபிளாங்கால உளவாளி இருப்பான்னு அங்க போகாம பெர்முடா வரைக்கும் 1,700 கடல் மைல் இழுத்துட்டுப் போய் ஜூன் 19ல சேத்தாங்க. அப்நாக்கிங்கற டக் கப்பல் பாதில வந்து கயித்தை வாங்கிக்கிச்சு. யூ-505 க்கு நீமோன்னு பேர் வச்சாங்க. குழுவுல இருந்த சுமார் 3,000 மாலுமிங்க சண்டை முடியற வரைக்கும் வாயைத் திறக்கல. ஜெர்மன்காரன் கப்பல் மூழ்கிடுச்சுன்னே நினைச்சான்.

வெள்ளோட்டம் எழுதியது:

ரகசியம் காப்பாத்தினதோட விலையையும் சொல்லுங்க. பிடிபட்ட 58 பேரை லூயிசியானால கேம்ப் ரஸ்டன்ல தனியா வச்சு, செஞ்சிலுவைச் சங்கத்துக்காரங்களைக் கூட பாக்க விடல. வீட்டுக்கு ஒரு கடுதாசி போட விடல. ஜெர்மனில அவங்க குடும்பத்துக்குச் செத்துட்டாங்கன்னு தகவல் போயிடுச்சு. இது ஜெனிவா ஒப்பந்தத்துக்கு எதிரானது. நான் முன்னாடி நாஜிக் கப்பல்னு பேசினவன் தான், அதுக்காக கைதியோட அம்மாவை அழ வைக்கறது சரின்னு சொல்ல மாட்டேன்.

சங்கேதம் எழுதியது:

அதுல உங்க பக்கம் தான் நான். ஆனா ஒரு கடுதாசி போயிருந்தா குறியீடு மாறியிருக்கும், எத்தனை பேர் செத்திருப்பாங்கன்னு அன்னிக்கு முடிவெடுத்தவன் கணக்குப் போட்டிருப்பான். 1945 மேக்கு அப்புறமும் உடனே வீட்டுக்கு அனுப்பலயே, கடைசி ஆள் போக 1947 ஆச்சு, அதுக்குத்தான் சாக்கே இல்ல.

நெல்லைக்காரன் எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணா, நேதாஜி போனது இந்தக் கப்பல்லயா?

கடலாடி எழுதியது:

இல்லப்பா, அது யூ-180. 1943 பிப்ரவரில கீல் துறைமுகத்துல இருந்து நேதாஜியும் ஆபிட் ஹசனும் அதுல ஏறினாங்க, ஏப்ரல் கடைசில மடகாஸ்கர் பக்கம் ஜப்பானோட ஐ-29 க்கு மாறினாங்க. அங்கேருந்து தான் மலேயால நம்ம தமிழ்த் தோட்டத் தொழிலாளிங்க ஐஎன்ஏல சேந்த கதை விரியுது. யூ-180 யே 1944 ஆகஸ்ட்ல பிஸ்கேல ஆளுங்களோட காணாமப் போச்சு.

என்ஜின்ரூம் ராஜா எழுதியது:

சிகாகோ அக்கா, அந்த டீசல் என்ஜின் ரெண்டும் இப்போ உள்ள அப்படியே இருக்கா? சண்டைக்கப்புறம் நேவிக்காரங்க பார்ட்ஸை எல்லாம் கழட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

சிகாகோ வாசகி எழுதியது:

இருக்கு தம்பி, ரெண்டு பெரிய எம்ஏஎன் என்ஜின், நடுவுல ஒரு ஆள் நடக்கற சந்து. கழட்டினது உண்மை தான். சண்டை முடிஞ்சதும் போர்ட்ஸ்மவுத் நேவி யார்டுல கேட்பாரில்லாம கிடந்துச்சு, குறி வச்சுப் பழக கடல்ல மூழ்கடிக்கறதா இருந்தாங்க. கேலரியோட அண்ணன் தம்பில ஒருத்தர் சிகாகோல பாதிரியார், அவர் மூலமா மியூசியத்துக்குப் பேச்சு வந்து, ஊர்மக்கள் கிட்ட வசூல் பண்ணி, 1954ல செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியா ஏரி ஏரியா இழுத்துட்டு வந்தாங்க. கரை ஏத்தி லேக் ஷோர் டிரைவ் ரோட்டைக் குறுக்க கடத்தினப்ப ராத்திரி முழுக்க ட்ராஃபிக்கை நிறுத்தினாங்களாம்.

காணாமப் போன பார்ட்ஸுக்கு மியூசியத் தலைவர் லெனாக்ஸ் லோர் ஜெர்மனில அதைத் தயாரிச்ச கம்பெனிகளுக்கே கடுதாசி போட்டாரு. அவங்க காசு வாங்காம அனுப்பி வச்சாங்க, எங்க தொழில் அங்க காட்சிக்கு இருக்கப் போகுதுன்னா ஒழுங்கா இருக்கட்டும்னு. ஒரு பெரிஸ்கோப்பை நேவி சோதனைக்குன்னு கழட்டிட்டுப் போயிருந்தாங்க, அது பல வருஷம் கழிச்சு கலிஃபோர்னியால கிடைச்சு 2003ல திரும்ப வந்துச்சு. வெளில வெயிலும் பனியும் பட்டு இரும்பு அரிச்சதால 2004ல தரைக்கு அடில தனி ஹால் கட்டி உள்ள இறக்கினாங்க. டைப் 9சி ல உலகத்துல மிச்சம் இருக்கறது இது ஒண்ணு தான். வந்தா முன்னாடியே உள்ளே போற டூருக்கு டிக்கெட் எடுத்துடுங்க, சீக்கிரம் தீந்துடும்.

நெல்லைக்காரன் எழுதியது:

கடைசியா ஒண்ணு கேக்கறேன் அண்ணா. யூ-போட்ல போனவங்கள்ல முக்கால்வாசிப் பேர் திரும்பி வரல. இதுல கடைசி ட்ரிப்ல போன 59 பேர்ல செத்தது ஒருத்தர். அப்போ இது ராசியான கப்பல்னு தானே ஆகுது?

கடலாடி எழுதியது:

அந்த ஒருத்தர் காட்ஃப்ரீட் ஃபிஷர், மேல்தளத்துல குண்டடி பட்டு விழுந்தவர். மத்த 58 பேர் பிழைச்சதுக்கு ரெண்டு பேர் காரணம். லாங்க, அடி வாங்கினதும் ஆழத்துக்கு ஓடப் பாக்காம கப்பலை மேல கொண்டு வந்தாரு, அது ஆளுங்க தப்பிக்கணும்னு எடுத்த முடிவு, அதுல அவர் காலே போச்சு. இன்னொருத்தர் கேலரி, மேல வந்த கப்பலை ஓட்டை போடாம, சின்னத் துப்பாக்கியால மட்டும் சுட்டு ஆளுங்களை வெளில விரட்டுங்கன்னு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தாரு. கப்பல் முழுசா வேணும்னு அவர் நினைச்சதால உள்ள இருந்தவனுக்குக் குதிக்க நேரம் கிடைச்சுது.

நெல்லைக்காரன் எழுதியது:

சரி அண்ணா, ராசியை விட்டுடறேன். அந்த யூ-515 கேப்டன் என்ன ஆனாரு?

கடலாடி எழுதியது:

வெர்னர் ஹென்கே. கேலரி பிடிச்சு அமெரிக்கா கொண்டு போய், வர்ஜீனியால ஃபோர்ட் ஹன்ட் முகாம்ல 1944 ஜூன்ல வேலி ஏறும்போது காவல்காரன் சுட்டதுல செத்துட்டாரு. அவர் ஏன் ஏறினாருங்கறது பெரிய கதை, செராமிக்ங்கற பயணிகள் கப்பல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள தனித் திரி போடறேன்.